அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து சீசனின் முதல் ஆட்டத்தில் என் அணியிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

"முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில், ஒரு சின்னக் கல்லூரியோடு. ஐம்பது பாயிண்ட் அடிப்போம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், போன சீசனில்தான் இந்த முட்டை வடிவப் பந்து ஆட்டம் பிடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 2007 ஆகஸ்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் வேலையை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

ஜெயிப்பீர்கள் என்று நம்புங்கள், தப்பில்லை. ஆனால் ஐம்பது என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், அதுவும் என் அப்பாவிடம்.

நான் படித்தது ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். 2006 சீசனில் எங்கள் அணி வரிசையாகப் பதினொரு ஆட்டம் ஜெயித்தது. பன்னிரண்டாவது ஆட்டம் ஒஹாயோ ஸ்டேட்டோடு. நாட்டின் முதல் இடமும் இரண்டாம் இடமும் மோதிய ஆட்டம் அது. அதற்கு முந்தைய நாள்தான் எங்கள் பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் இறந்துபோனார். 42-39 என்று தோற்றோம். அப்புறம் சீசன் முடிந்து நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்திலும் தோற்றோம். எங்கள் தாக்குதல் ஆட்டத்தின் தூண்களான சாட் ஹென்னி, மைக் ஹார்ட், ஜேக் லாங் மூன்று பேருமே கடைசி வருடம் ஆட இருந்தார்கள். லாங் நினைத்திருந்தால் அப்போதே தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பத்திரிகைகள் எங்களை ஐந்தாம் இடத்தில் வைத்தன. யார் இருக்கிறார்கள் என்றுதான் நான் பார்த்தேன். யார் போய்விட்டார்கள் என்று பார்க்கவில்லை. தடுப்பாட்டத்தில் இருந்த லியான் ஹால், ஆலன் பிராஞ்ச், லமார் வுட்லி, டேவிட் ஹாரிஸ் நால்வரும் அந்த ஏப்ரலில் என்எஃப்எல் தேர்வின் முதல் இரண்டு சுற்றிலேயே போய்விட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

அப்பா அந்த ஜூலையில் வந்திருந்தார். கோவில்பட்டிக்காரர். இளவயதில் உள்ளூர் கிளப்புக்கு மண் தரையில் ஹாக்கி ஆடியவர், பேக் பொசிஷன். எங்கள் மைதானத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. தெரிந்த ஒரு குடும்பம் அன்றைக்கு வரமுடியாது என்றதால், அவர்களிடம் இரண்டு டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கே வாங்கினேன். "அம்பது பாயிண்ட் அடிப்பாங்கப்பா, மூணாவது குவார்ட்டர்லயே கிளம்பிடலாம்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் வரை வீடு மாறும் வேலை. ஆன் ஆர்பரில் வாடகை ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் கடைசியில் முடியும், அடுத்த வீட்டுச் சாவி சில நாள் கழித்துத்தான் கிடைக்கும். நடுவில் நாங்கள் நண்பன் வீட்டு ஹாலில் பெட்டிகளோடு படுத்திருந்தோம், அறுபத்திரண்டு வயது அப்பாவையும் வைத்துக்கொண்டு. பழைய வீட்டுக்காரர் கார்ப்பெட் கறை என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கறை நான் குடிபோன அன்றே இருந்தது, படம்கூட எடுத்து வைத்திருந்தேன். அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் வெளிநாட்டு மாணவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று யாரும் பேசுவதில்லை, அதனால் சொல்கிறேன். குடிபோகும் அன்றே எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதியோடு அனுப்பி வையுங்கள்.

சரி, ஆட்டம். செப்டம்பர் 1, நண்பகல். எதிரணி அப்பலாச்சியன் ஸ்டேட், வட கரோலினாவில் பூன் என்ற மலை ஊர்க் கல்லூரி. எங்கள் மைதானத்துக்கு வந்து ஆட அவர்களுக்குக் கொடுத்தது 4 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகள் இப்படிப் பணம் கொடுத்துச் சின்ன அணிகளை அழைப்பது வழக்கம். எங்களைப் போன்ற அணிகள் ஆடும் பெரிய பிரிவில் அப்போது 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்க முடிந்தது, அவர்கள் இருந்த அடுத்த பிரிவில் 63தான். இதை வைத்து நான் தைரியமாக இருந்தேன். ஆனால் அவர்கள் 2005, 2006 இரண்டு வருடமும் தங்கள் பிரிவில் சாம்பியன். ஜெயித்துப் பழகியவர்கள். சின்னக் கல்லூரி என்ற ஒரு சொல்லே எனக்கு அதை மறைத்துவிட்டது.

அந்த மைதானத்தை அப்போது வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகவே தெரியாது. தரைக்குள் தோண்டிக் கட்டியது, உள்ளே நுழைந்ததும் கீழே பார்க்க வேண்டியிருக்கும். அப்பா வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டார். அன்றைக்கு வந்த கூட்டம் 1,09,218. முதல் முறை பந்து கைக்கு வந்ததுமே, அதை எதிரணியின் எல்லைக் கோடு தாண்டிக் கொண்டுபோய் நாங்கள் டச் டவுன் அடித்தோம். "பாத்தீங்களா?" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவர்களின் ஆர்மான்டி எட்வர்ட்ஸ் வீசிய பந்தைப் பிடித்து டெக்ஸ்டர் ஜாக்சன் 68 கெஜம் ஓடிவிட்டார். குவார்ட்டர்பேக் என்றால் பந்தை வீசித் தாக்குதலை நடத்துகிறவர். எட்வர்ட்ஸ் ஒரே இடத்தில் நிற்கிற குவார்ட்டர்பேக் இல்லை, வீசவும் செய்வார், ஓடவும் செய்வார். எங்கள் தடுப்பு வரிசை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவித்தது. இடைவேளையில் 28-17, அவர்கள் முன்னிலை.

அப்பாவுக்கு விதிமுறை ஒன்றுமே தெரியாது. ஆனாலும் மூன்றாவது குவார்ட்டரில் சொன்னார்: "எல, அந்தப் பயலுவளுக்கு இன்னும் மூச்சே வாங்கல. நம்மாளுவ இடுப்புல கைய வச்சு நிக்கானுவ, பாரு." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு இந்த ஆட்டத்தப் பத்தி என்னப்பா தெரியும், சும்மா இருங்க" என்றேன். அவர் அதற்கப்புறம் பேசவில்லை. தோற்றதைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

மைக் ஹார்ட் நடுவில் காயத்தால் உட்கார்ந்திருந்து, திரும்பி வந்து 54 கெஜம் ஓடி டச் டவுன் அடித்தார். 32-31. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கடைசி 26 வினாடி இருக்கும்போது அவர்கள் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, மூன்று பாயிண்ட் தரும் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 34-32 ஆக்கினார்கள். ஹென்னி ஒரு நீளமான பந்தை எங்கள் ஆள் மேனிங்காமுக்கு வீசினார், அவர் பிடித்துவிட்டார். 6 வினாடி பாக்கி, 37 கெஜத்தில் எங்கள் ஃபீல்டு கோல் உதை. அவர்களின் கோரி லின்ச் பாய்ந்து வந்து அதைத் தடுத்து, பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். லட்சம் பேர் இருந்த இடத்தில், ஒரு மூலையில் இருந்த அவர்கள் ஆட்கள் கத்துவது மட்டும் கேட்டது.

தரவரிசையில் இருந்த பெரிய பிரிவு அணியை அந்தச் சின்னப் பிரிவு அணி ஒன்று வென்றது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரப் பட்டியலின் 25 இடத்தில் எங்கள் பெயரே இல்லை.

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துப் பயமுறுத்துகிறேன் என்று யாராவது எழுதுவார்கள். பெரும்பாலும் பெரிய அணிதான் ஜெயிக்கும், பெரிய வித்தியாசத்திலேயே ஜெயிக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி அணிகளுக்கு என்எஃப்எல் போல முன்னோட்ட ஆட்டங்கள் கிடையாது. ஆகஸ்ட் முழுக்கத் தங்களுக்குள்ளேயே மோதிவிட்டு, நேராக வந்து வேற்று ஆளை இடிக்கிறார்கள். அந்த முதல் நாளில் எந்த அணி எப்படி இருக்கும் என்று பயிற்சியாளருக்கே முழுதாகத் தெரியாது. 2008இலும் பாருங்கள், புதிய பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் வந்த முதல் ஆட்டத்தில் யூட்டாவிடம் 25-23 என்று தோற்றோம். யாரிடமோ தோற்றோம் என்று அன்றைக்குப் புலம்பினேன். அந்த யூட்டா அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

முதல் ஆட்டத்தோடு சீசனும் முடிந்துவிடாது. 2007இல் இரண்டாவது வாரம் ஓரிகானிடம் 39-7 என்று இன்னும் மோசமாகத் தோற்றோம். அப்புறம் நாட்டர் டேமை 38-0 என்று அடித்ததில் தொடங்கி வரிசையாக எட்டு வெற்றி. கடைசியில் டிம் டீபோ ஆடிய ஃப்ளோரிடாவை 41-35 என்று வென்றுதான் பயிற்சியாளர் லாய்ட் கார் ஓய்வுபெற்றார். அதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஹென்னி, ஹார்ட், லாங் மூன்று பேரும் இருந்து ஆடினார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் பேசுவது நியாயமில்லை.

ஆகவே உங்கள் ஆட்டத்தில் பாயிண்ட்டைப் பார்க்காதீர்கள். மூன்றாவது குவார்ட்டரில் உங்கள் முன்வரிசை எழுந்து நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். பிடித்த ஆளை ஒரே இடியில் கீழே தள்ளுகிறார்களா, இரண்டு மூன்று பேர் தொங்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். எதிரணியின் குவார்ட்டர்பேக் ஓடுகிறவர் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பக்கத்தில் ஆட்டம் தெரியாத யாராவது உட்கார்ந்திருந்தால், அவர் சொல்வதையும் கேளுங்கள்.

2014 சீசனின் முதல் ஆட்டமும் அதே மைதானத்தில், அதே அப்பலாச்சியன் ஸ்டேட்டோடுதான். 52-14, ஜெயித்தோம். ஊரில் விடிந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து, அன்றைக்குச் சொன்ன ஐம்பது இப்போது வந்துவிட்டது என்றேன். "சரிப்பா, சந்தோஷம். அந்த மலையூர்ப் பயலுவ எப்படி ஆடுனானுவ?" என்று கேட்டார்.