வாசகர் கேள்விகள்: பிடிபட்ட யு-505

கே: கேப்டனே மூழ்கடிக்க உத்தரவு கொடுத்த பிறகும் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல் யு-505 ஏன் மூழ்கவில்லை?
– திருச்சி வாசகர்

ப: அவசரம்தான் காரணம். 1944 ஜூன் 4, மேற்கு ஆப்பிரிக்கக் கடல். அமெரிக்கப் போர்க்கப்பல் ஷாட்டலேன் போட்ட ஆழ்வெடிகளில் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள்) நீர்மூழ்கியின் விளக்குகள் அணைந்தன. சுக்கான் வலப்பக்கம் திரும்பியபடியே இறுகிக்கொண்டது. கப்பல் உடைந்துவிட்டது என்று நினைத்த கேப்டன் ஹரால்ட் லாங்கே, மேலே வரச் சொன்னார். வெளியே தலை காட்டியதும் குண்டுமழை. அவரே காயப்பட்டு விழுந்தார். கப்பலை மூழ்கடிக்க, மாலுமிகள் கடல்நீர் உள்ளே புகும்படி வடிகட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுக் கடலில் குதித்தார்கள். கப்பலைத் தகர்க்க வைத்திருந்த வெடிகளை முடுக்காமலே போனார்கள். மோட்டாரையும் நிறுத்தவில்லை. ஆளில்லாத கப்பல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது.

லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் தலைமையில் இன்னொரு அமெரிக்கக் கப்பலான பில்ஸ்பரியின் குழு உள்ளே இறங்கியபோது நீர் கொட்டிக்கொண்டிருந்தது. கழற்றிய மூடி பக்கத்திலேயே கிடந்தது! ஜெனான் லுகோசியஸ் என்ற மாலுமி அதை எடுத்து மாட்டித் திருகினார். மூடியைக் கடலில் எறிந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கே: பாதி மூழ்கிய கப்பலை எப்படி இழுத்துப் போனார்கள்?
– மதுரை வாசகி

ப: முதல் முயற்சி சொதப்பல். நெருங்கி வந்த பில்ஸ்பரியின் பக்கவாட்டை நீர்மூழ்கியின் முன்துடுப்பு கிழித்துவிட்டது. மோட்டாரை நிறுத்திப் பார்த்தால் பின்புறம் இன்னும் தாழ்ந்தது. ஓட்டம்தான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. பிறகு விமானந்தாங்கிக் கப்பலான குவாடல்கனாலே வடம் கட்டி இழுத்தது. சுக்கான் திரும்பியே கிடந்ததால் நீர்மூழ்கி ஒரு பக்கமாக விலகி விலகிப் போயிற்று. அமெரிக்கப் படைத் தலைவர் டேனியல் கேலரி பின் அறைக்குள் போய், கையால் திருப்பும் அமைப்பைக் கொண்டு சுக்கானை நேராக்கினார்.

உள்ளே தேங்கிய நீரை இறைக்க மின்சாரம் வேண்டும், பேட்டரியோ தீர்ந்துகொண்டிருந்தது. இங்கேதான் பொறியாளர் ஏர்ல் ட்ரோசினோவின் மூளை வேலை செய்தது. டீசல் எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள கிளட்சை விடுவித்தார். குவாடல்கனால் வேகமாக இழுத்தது. நீர் ஓட்டத்தில் விசிறிகள் தாமே சுழல, அவற்றோடு சுழன்ற மோட்டார்கள் டைனமோவாக மாறி பேட்டரியை ஏற்றின. அந்த மின்சாரத்தில் கப்பலின் சொந்த பம்புகளே நீரை வெளியேற்றின. அதற்கு முன் நீர்மூழ்கிக்குள் வேலை பார்த்திராதவர் அவர். குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொடர்ந்து பாதை கண்டுபிடித்தார். அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கம் டேவிட்டுக்குப் போனது. எங்கள் ஓட்டு ட்ரோசினோவுக்கும் உண்டு. ஜூன் 19 அன்று கப்பல் பெர்முடா சேர்ந்தது.

கே: அதற்கு முன் அது என்ன சாதித்தது?
– யாழ்ப்பாணம் வாசகர்

ப: 1941 ஆகஸ்ட் 26 அன்று கடற்படையில் சேர்ந்த ஒன்பது-சி வகைக் கப்பல். நீளம் 76.8 மீட்டர், 22 டார்பிடோக்கள். மொத்தம் 8 கப்பல்களை மூழ்கடித்தது. அவற்றில் 7 முதல் கேப்டன் லோவே காலத்தவை. 1942 நவம்பர் 10 அன்று டிரினிடாட் அருகே ஹட்சன் விமானத்தின் குண்டு நேராக மேல்தளத்தில் விழுந்து வெடித்தது. மிகத் தாழப் பறந்த விமானமும் அந்த வெடிப்பிலேயே விழுந்தது. மாலுமிகள் கடலிலேயே ஒட்டுப்போட்டு, பிரான்சின் லோரியான் துறைமுகம் வரை திரும்பினார்கள். 1943இல் பழுதுபார்த்து அனுப்பும் போதெல்லாம் சில நாளில் திரும்பி வந்தது. பிரெஞ்சுத் தொழிலாளர்களின் நாசவேலை. ஒருமுறை டீசல் தொட்டியில் பென்சில் பருமனுக்குத் துளையே போட்டிருந்தார்கள்; கடல்மேல் எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டு போனால் எதிரிக்கு வழி சொன்ன மாதிரிதானே! இரண்டாம் கேப்டன் பீட்டர் செக், 1943 அக்டோபர் 24 அன்று ஆழ்வெடித் தாக்குதலின் நடுவே உள்ளேயே தன்னைச் சுட்டுக்கொண்டார்.

கே: கைதானவர்கள் கதி?
– கோவை வாசகர்

ப: 59 பேரில் ஒருவர் இறந்தார். மற்ற 58 பேரை லூயிசியானாவின் ரஸ்டன் முகாமில் மறைத்து வைத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூடக் காட்டவில்லை. இது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம். கைப்பற்றிய எனிக்மா என்ற சங்கேதக் கருவிகளும் சங்கேதப் புத்தகங்களும் வெளியே தெரிந்தால் ஜெர்மனி சங்கேதத்தையே மாற்றிவிடும் என்ற பயம். வீட்டாருக்கு அவர்கள் இறந்தவர்கள்தான்.

கே: கப்பலை இப்போது பார்க்க முடியுமா?
– சேலம் வாசகி

ப: முடியும். 1954 முதல் சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2004இல் கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள்.