வேலைப் பயணத்துக்குப் பெட்டி வாங்கும்போது முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

தம்பி, வேலைக்காக வெளிநாடு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, அதற்குள் மாதம் இரண்டு மூன்று முறை விமானம் ஏற வேண்டியிருக்கிறது, வரும்போது கொண்டுவந்த பெரிய பெட்டியின் சக்கரம் ஒன்று போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். பல வருடம் தாங்கும்படி வாங்க, கெட்டியான ஓடு கொண்ட ஹார்ட் கேஸா, துணிப் பெட்டியா, விலை கூடியதுதான் நல்லதா என்பது கேள்வி.

ஊரை விட்டுக் கிளம்பும்போது எல்லாரும் கொள்ளளவைப் பார்த்துத்தான் பெட்டி வாங்குகிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டர், எடை 23 கிலோ என்று கணக்குப் போட்டு, கடைசி கிராம் வரை அடைத்து, ஒரே ஒரு பயணம். அதோடு அந்தப் பெட்டியின் வேலை முடிந்தது. அடிக்கடி போய்த் திரும்புகிறவரின் பெட்டி சுமப்பது குறைவு, உருள்வது அதிகம். விமான நிலையத்து வழுவழுத் தரையில் எந்தப் பெட்டியும் ஓடும். கல் பாவிய தெருவிலும், ரயில் நிலையப் படிகளிலும், நடைபாதையின் விளிம்பில் ஏறி இறங்கும்போதும்தான் அதன் சாயம் வெளுக்கும். ஓடு உடைந்து தூக்கிப்போட்ட பெட்டிகளை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். சக்கரம், இழுக்கும் கைப்பிடி, ஜிப் ஆகிய மூன்றில் ஒன்றுதான் முதலில் காலை வாரும். அதனால் ஹார்ட் கேஸா துணியா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கைப்பிடியை நீட்டி இரண்டு சக்கரத்தில் சாய்த்து இழுக்கும் பெட்டியை 1987இல் செய்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. முதலில் வாங்கியவர்களும் அவருடைய சக ஊழியர்கள்தான். நான்கு பக்கமும் சுழலும் சக்கரம் பிற்பாடு வந்தது. வரிசையில் நிற்கும்போது விரலால் தள்ளினால் நகரும், தோள் வலிக்காது, சுகம்தான். ஆனால் அந்தச் சக்கரங்கள் பெட்டிக்குக் கீழே கால்போல நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிகளை ஏற்றி இறக்கும்போது அடி முதலில் அங்கேதான் விழும். இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் பாதிக்கு மேல் உடம்புக்குள் பதிந்திருக்கும், விட்டமும் பெரிது, கரடுமுரடான தரையிலும் சிக்காமல் போகும். உங்கள் பயணம் விமான நிலையம், டாக்ஸி, ஹோட்டல் என்று முடிந்தால் நான்கு சக்கரம் எடுங்கள். ரயில், பஸ், நடை என்றால் என் ஓட்டு இரண்டு சக்கரத்துக்குத்தான்.

கடையில் பெட்டியைத் திறந்து, உள் துணியின் ஜிப்பை நீக்கிச் சக்கரம் இருக்கும் மூலையைப் பாருங்கள். திருகாணி தெரிந்தால் நல்லது, நாளைக்குக் கழற்றி மாற்றலாம். கழற்ற முடியாத ஆணியான ரிவெட் அடித்திருந்தால், சக்கரம் தேய்ந்ததும் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் காலிப் பெட்டியை உருட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே கனமாக எதையாவது வைக்கச் சொல்லி உருட்டுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நேராகத் தள்ளும்போது ஒரு பக்கமாக இழுத்தால் வேண்டாம்.

கைப்பிடியை முழுக்க மேலே இழுத்து இடவலமாக ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், ஆட்டமே இல்லாவிட்டால் வளைந்து கொடுக்க இடமில்லாமல் குழாய் சிக்கிக்கொள்ளும். ஆனால் கடகடவென்று சத்தம் வரக் கூடாது. பொத்தானை ஐந்தாறு முறை அழுத்தி மேலும் கீழும் விட்டுப் பாருங்கள், ஒரு முறை சிக்கினாலும் வைத்துவிடுங்கள். மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகத் தூக்கும் பிடிகள் உண்டா, அவற்றின் தையல் இரட்டையா என்பதையும் பாருங்கள். விமானத்தில் தலைக்கு மேல் ஏற்றும்போது கை தேடுவது அந்தப் பிடியைத்தான்.

ஜிப்பில் ஒய்.கே.கே. என்று ஜப்பானிய ஜிப் நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தால் ஓரளவு நம்பலாம். அந்த எழுத்து இல்லாததெல்லாம் மோசம் என்றும் இல்லை. பல்லின் அகலம்தான் முக்கியம், மெலிந்த ஜிப் பெட்டி பிதுங்கும்போது வாயைப் பிளந்துவிடும். இன்னொன்று, சாதாரணச் சுருள் ஜிப்பைப் பேனா முனையால் குத்திப் பிளந்துவிடலாம். ஜிப்பை மூடித் திறக்கும் ஓட்டியை ஒருதரம் இழுத்துவிட்டால் திறந்த அடையாளமும் தெரியாது. பூட்டு தொங்கினாலும் இதுதான் கதை. அதனால் லேப்டாப்பும் ஆவணங்களும் மருந்தும் செக்-இன் பெட்டியில் போகவே கூடாது.

சரி, பெட்டியின் மேல் ஓடு, துணி விஷயத்துக்கு வருவோம். ஹார்ட் கேஸ் என்றால் எந்த பிளாஸ்டிக், பாலிகார்பனேட்டா, ஏ.பி.எஸ்.ஸா என்று சீட்டைப் படியுங்கள். பாலிகார்பனேட் அமுங்கித் திரும்ப எழும்பும், ஏ.பி.எஸ். விறைப்பாக நின்று ஒரு நாள் விரிசல் விடும். மூடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாலே வித்தியாசம் புரியும். அலுமினியம் பார்க்க ஜோர், எடையும் அதிகம், நெளிந்தால் நெளிந்ததுதான். துணியில் பேலிஸ்டிக் நைலான் தேடுங்கள். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையினரின் பாதுகாப்பு உடுப்புக்காக நெய்யப்பட்ட துணி அது, உராய்வை நன்றாகத் தாங்கும். இன்னொரு விஷயம், ஹார்ட் கேஸ் பெரும்பாலும் நடுவில் பிளந்து இரண்டு பாதியாக விரியும். சின்ன ஹோட்டல் அறையில் அதை விரித்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கால் வைக்க இடமிருக்காது. துணிப் பெட்டிக்கு மூடி மட்டும் திறக்கும், வெளியே லேப்டாப்புக்கும் சார்ஜருக்கும் அறையும் இருக்கும். வேலைப் பயணத்துக்கு நான் துணிப் பெட்டிக் கட்சி.

கேபினுக்குள் கையோடு கொண்டுபோகும் பெட்டியின் அளவில் ஒவ்வொரு ஏர்லைன்ஸும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் 56×36×23 சென்டிமீட்டர், ஜெர்மனியின் லுஃப்தான்சாவில் 55×40×23. கம்பெனி எதில் டிக்கெட் போடும் என்பது நம் கையில் இல்லாததால், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து 55×35×20க்குள் அடங்குகிற கேபின் பெட்டியாகப் பாருங்கள். சில கடைச் சீட்டுகளில் சக்கரத்தை விட்டுவிட்டு உயரத்தைப் போட்டிருப்பார்கள், டேப் கொண்டுபோய் நீங்களே அளந்துவிடுங்கள். ஆசிய நிறுவனங்கள் பலவற்றில் கைச்சுமை 7 கிலோதான். காலிப் பெட்டியே 4 கிலோ என்றால் மிச்சம் 3 கிலோவில் என்ன கொண்டுபோவீர்கள்?

சார்ஜ் ஏற்றும் வசதி வைத்த 'ஸ்மார்ட்' பெட்டி என்றால், பேட்டரி கழன்று வருமா என்று பாருங்கள். கழற்ற முடியாததைப் பல நிறுவனங்கள் 2018 முதல் ஏற்பதில்லை. பவர் பேங்க் எப்போதும் கேபினில்தான், அதன் மின்சக்தி அளவும் 100 வாட்-மணிக்குள் (Wh என்று அதன் மேல் போட்டிருக்கும்).

விலை கூடியதா என்ற கேள்விக்கு என் பதில்: விலைச் சீட்டை விட்டு வாரன்ட்டிச் சீட்டைப் படியுங்கள். 'வாழ்நாள்' என்று பெரிய எழுத்தில் போட்டு, 'விமான நிறுவனம் ஏற்படுத்திய சேதம் நீங்கலாக' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். நமக்கு வருகிற சேதத்தில் பெரும்பகுதி அதுதானே! பிரிக்ஸ் அண்ட் ரைலி போன்ற ஒன்றிரண்டு நிறுவனங்கள் அந்தச் சேதத்தையும் சேர்த்தே பழுதுபார்த்துத் தருகின்றன. விலை கூடத்தான், ஆனால் அடிக்கடி பறக்கிறவருக்குக் கணக்கு சரியாக வரும். நீங்கள் இருக்கும் நாட்டில் பழுதுபார்க்கும் மையம் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெட்டியைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டுமென்றால் அந்த வாரன்ட்டி வெறும் காகிதம்தான்.

பெல்ட்டிலிருந்து எடுத்ததும் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே போகும் முன்பே ஏர்லைன்ஸ் கவுண்டரில் புகார் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பன்னாட்டுப் பயணங்களில், விமான நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் இடங்களில், பெட்டி கைக்கு வந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாட்கள். பழைய பயணத்தின் பார்கோடு ஒட்டுச்சீட்டுகளை ஒவ்வொரு முறையும் உரித்துவிடுங்கள், இயந்திரம் பழையதைப் படித்தால் பெட்டி வேறு ஊருக்குப் போகும்.

மூன்று அளவில் செட்டாக விற்பதை வாங்க வேண்டாம். வேலைக்கு நல்ல கேபின் பெட்டி ஒன்று போதும். சக்கரம் போன உங்கள் பெரிய பெட்டியையும் தூக்கிப்போட அவசரப்படாதீர்கள். சக்கரத்தின் விட்டம், அகலம், அச்சின் தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து வைத்துக்கொண்டால் மாற்றுச் சக்கரம் ஆன்லைனிலேயே ஜோடியாகக் கிடைக்கும். ஒன்று போயிருந்தாலும் அந்தப் பக்கத்து இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் பெட்டி சாய்ந்து ஓடும்.