வாசகர் கேள்வி – பதில்: மருந்துப் பொருளில் மிஞ்சிய கரைப்பான்

கேள்வி (உவர்மலை, திருகோணமலை): மருந்து மூலப்பொருளில் மிஞ்சியிருக்கும் தொலுயீன் என்ற கரைப்பானை ஹெட்ஸ்பேஸ் ஜி.சி.யில் (மூடிய குப்பியைச் சூடாக்கி, திரவத்துக்கு மேலே சேரும் ஆவியைப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கிறோம். ஒரே மாதிரிக்குக் காலையில் 610 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) வருகிறது, பின்னேரம் 680. மாரி தொடங்கிய பிறகுதான் இப்படி. கருவியில் பிழையா?

பதில்: கருவியைத் திறக்க முன்னர், மாதிரியைக் கரைக்கும் திரவமான டி.எம்.எஸ்.ஓ.வின் போத்தலைப் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நீர் சேரச் சேர, தொலுயீனுக்கு அந்தத் திரவத்தில் இருக்கப் பிடிக்காது. குப்பியின் மேல்வெளிக்குக் கூடுதலாக ஏறும், வரைபடத்தில் அதன் பீக் (மேடு) பெரிதாகும். நியமத்தை (ஒப்பிட வைக்கும், அளவு தெரிந்த தொலுயீன்) காலையில் புதுப் போத்தலில் கரைத்து, மாதிரியைப் பின்னேரம் திறந்து கிடந்த போத்தலில் கரைத்தால் இரண்டும் ஒத்துவராது. ஒரே போத்தலில், ஒரே நேரத்தில் இரண்டையும் தயாரியுங்கள்.

இன்னொன்று: டி.எம்.எஸ்.ஓ. 18.5 பாகை செல்சியஸில் உறையும். ஏ.சி. அறையில் கட்டியான போத்தலை வெளியே கொண்டுவந்து உடனே மூடியைத் திறந்தால், வாடைக்காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துப் படியும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வையுங்கள்.

20 மில்லிலீற்றர் குப்பியில் 500 மில்லிகிராம் மாதிரி, 5 மில்லிலீற்றர் டி.எம்.எஸ்.ஓ. என்று வைத்தால், மருந்துத் தர விதிகளுக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.சின் எல்லையான 890 பி.பி.எம்.முக்குரிய நியமம் மில்லிலீற்றருக்கு 89 மைக்ரோகிராம். நியமக் குடுவையில் முதலில் டி.எம்.எஸ்.ஓ.வை விட்டு, தொலுயீனை அதன் மேற்பரப்புக்குக் கீழே விடுங்கள். இருகுளோரோமெதேனும் அளப்பதென்றால் இதில் அசட்டை கூடவே கூடாது. அது 40 பாகையிலேயே கொதிப்பது, நம் ஊர் வெயிலில் நிறுக்கும்போதே பறந்துவிடும்.

கிரிம்ப் செய்த (நெரித்து இறுக்கிய) மூடியை விரலால் திருப்பிப் பாருங்கள். சுழன்றால் அந்தக் குப்பி ஒழுகும், எறிந்துவிடுங்கள். குப்பி 100 பாகை என்றால் லூப் (ஆவியை அளந்து பிடிக்கும் சுருள்) 110, மாற்றுக் குழாய் (அதை ஜி.சி.க்குக் கொண்டுபோவது) 120 என ஏறுவரிசையில் இருக்கட்டும். வழியில் எங்காவது குளிர்ந்தால் ஆவி அங்கேயே படிந்து அடுத்த ஓட்டத்தில் வரும். நியமத்துக்குப் பின் வெறும் டி.எம்.எஸ்.ஓ.வை ஓட்டினால் தெரிந்துவிடும்.

தொலுயீன் இருந்தால் பென்சீனையும் தேடுங்கள். தொலுயீனில் அது கலந்து வரக்கூடும், அதன் எல்லையோ வெறும் 2 பி.பி.எம்.

கேள்வி (நிலாவெளி): ஜி.சி.யில் ஆவியைத் தள்ளிச் செல்லும் வாயுவாக ஹீலியத்துக்குப் பதில் நைதரசன் பாவிக்கலாமா?

பதில்: உணரி எப்.ஐ.டி. (ஆவியைச் சுவாலையில் எரித்து அளப்பது) என்றால் தாராளமாக. பீக்குகள் பிரிகின்றனவா என்று மட்டும் மறுபடி பாருங்கள்.

கேள்வி (கிண்ணியா): இரத்த அழுத்த மருந்தான வல்சார்ட்டானில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசை ஜி.சி.யில் பார்த்தார்கள். வயிற்று அமில மருந்தான ரனிட்டிடினுக்கும் அப்படியே செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ரனிட்டிடின் மூலக்கூறிலேயே இருமெதயில் அமைன் தொகுதியும் நைத்திரோ தொகுதியும் உண்டு. சூடாக்கினால் அதுவே என்.டி.எம்.ஏ.யை உண்டாக்கும். நீங்கள் அளப்பது மருந்தில் இருந்ததை அல்ல, உங்கள் அடுப்பில் பிறந்ததை. 2019இல் மிக உயர்ந்த எண்கள் வெளிவந்தபோது, சூடில்லாத எல்.சி.–எம்.எஸ். முறையை (திரவத்தில் பிரித்து, மூலக்கூறின் திணிவைக் கொண்டு அளப்பது) கையாளும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. சொன்னது இதனால்தான்.

வேறு எந்த மருந்துக்கும் இந்தச் சந்தேகம் வந்தால், ஒரே மாதிரியை 30 நிமிடமும் 60 நிமிடமும் சூடாக்கிப் பாருங்கள். சமநிலை வந்த பிறகும் பீக் வளர்ந்துகொண்டே போனால் பொருள் சிதைகிறது.

ரனிட்டிடினில் பிடிக்கவேண்டிய அளவு எவ்வளவு சிறிது என்றால், நாளுக்கு 96 நானோகிராம் எல்லை, 300 மில்லிகிராம் மருந்து: அதாவது 0.32 பி.பி.எம்.