பட்டப்படிப்பு முடியும் முன்பே முதுகலைக்கு விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். இறுதியாண்டு மாணவர்கள் பலர் செய்வதும் அதைத்தான். விண்ணப்பிக்கும்போதே கையில் பட்டம் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்பதில்லை. வகுப்பு தொடங்குவதற்குள் படிப்பை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படிக் கிடைக்கும் இடத்தை நிபந்தனையுடன் கூடிய சேர்க்கை என்பார்கள்.

எல்லாம் காலக்கணக்குதான். அமெரிக்காவில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் படிப்புகள் பலவற்றுக்கு, குறிப்பாக முனைவர் படிப்புகளுக்கு, அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே கெடு முடிந்துவிடும். விண்ணப்பங்களைப் பரிசீலிக்க, உதவித்தொகை ஒதுக்க, விசா எடுக்க என்று மாதங்கள் ஓடிவிடும். பட்டம் வாங்கிய பிறகுதான் விண்ணப்பிப்பேன் என்றிருந்தால் ஓராண்டு சும்மா போகும். (ஓய்வு வேண்டுமென்றால் அது வேறு கதை.)

ரயிலில் முன்பதிவு செய்வது மாதிரிதான் இது. இருக்கை உங்கள் பெயரில் இருக்கும். பயணத்தில் அடையாள அட்டையைக் காட்டியாக வேண்டும். இங்கே அந்த அட்டை, இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும்.

விண்ணப்பத்தில் அதுவரை முடித்த செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியலை இணைத்து, பட்டம் கிடைக்கும் உத்தேச மாதத்தையும் எழுதுங்கள். சான்றிதழ் அச்சாகி வரத் தாமதமானால் தற்காலிகச் சான்றிதழைப் பல இடங்களில் ஏற்பார்கள். அரியர் இருந்தால்தான் தலைவலி. அதை முதலில் முடிக்கப் பாருங்கள்.

'இடம்தான் கிடைத்துவிட்டதே, கடைசி செமஸ்டர் எப்படிப் போனால் என்ன' என்று பலர் நினைக்கிறார்கள். சேர்க்கைக் கடிதத்தில் கேட்ட மதிப்பெண் வராவிட்டால் பல்கலைக்கழகம் அந்த இடத்தை ரத்து செய்யலாம்.