வாசகர் கேள்வி: அடுப்படியில் கேஸ் வாசம்

கேள்வி: விடியற்காலை காபி போடப் போனால் அடுப்படி முழுக்க கேஸ் வாசம். மாமியார் லைட்டைப் போட்டுப் பார் என்றார். நான் போடவில்லை. சரிதானா? எங்களுடையது ஓட்டு வீடு, பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர்.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ரொம்பச் சரி, அம்மா. சுவிட்சுக்குள் வரும் சின்னப் பொறி போதும். அணைப்பதும் ஆகாது. ஓட்டு இடுக்கு வழியாக கேஸ் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அது காற்றைவிடக் கனம், தரையோடு படிந்து கிடக்கும். ரெகுலேட்டரை மூடிவிட்டு, வாசல் கதவு, கொல்லைக் கதவு இரண்டையும் திறந்து வையுங்கள். வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு போன் செய்யுங்கள்.

அப்புறம் அந்த ரப்பர் டியூப். 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். தீக்குச்சி கிழித்துப் பார்த்த ஒருவரை, தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த நாளில் சந்தித்தேன். இரண்டு புருவமும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது போர்தான். சம்பா அறுப்பில் மழை நனைத்த வைக்கோலை அப்பா காயாமலே போராக்கினார். சில வாரத்தில் உள்ளிருந்து புகை வந்தது. யாரும் நெருப்பு வைக்கவில்லை, ஈரமே புழுங்கிச் சூடேற்றியது. 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீ, சமையல்கூடத்தில் தொடங்கி கீற்றுக் கூரையில் பரவியதுதான். போரைக் கொல்லைக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். மாட்டுக்குக் கொசுமூட்டம் போட்டால், தணல் அவியும்வரை ஆள் இருக்கட்டும்.