வாசகர் கேட்டவை: செமன்யா வழக்கும் பெண்கள் பிரிவும்

? தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தாரே, பிறகும் ஏன் 800 மீட்டர் ஓட முடியவில்லை?
(மதுரை வாசகர்)

ஜெயித்தது உண்மை. ஆனால் அந்த வழக்கு சுவிட்சர்லாந்து மீது. பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்ற உலகத் தடகள அமைப்பின் விதி மீதல்ல.

பொதுவாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்ஒய் குரோமோசோமும், ஆண்களிடம் மிகுந்திருக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாகவும் உள்ள வீராங்கனைகள் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை ஓட வேண்டுமானால், ரத்தத்தில் அந்த ஹார்மோனின் அளவை லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே 6 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது 2018 விதி. சுவிட்சர்லாந்தின் லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் செமன்யாவின் வழக்கில் 2019இல் 2-1 எனத் தீர்ப்பளித்தது: பாகுபாடுதான், ஆனால் அவசியமான பாகுபாடு.

மேல்முறையீட்டுக்கு சுவிஸ் உச்ச நீதிமன்றம். சிக்கலே அங்கேதான். சர்வதேச நடுவர் தீர்ப்பை அது முழுதாக மறுவிசாரணை செய்யாது. அடிப்படைப் பொதுக்கொள்கைக்கு முரணா என்பது போன்ற சில காரணங்களை மட்டும் பார்க்கும். 2020இல் தள்ளுபடி. அந்த ஆய்வு போதிய கண்டிப்போடு நடக்கவில்லை, நியாயமான விசாரணை உரிமை மீறப்பட்டது என்று 2025 ஜூலை 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேரமர்வு 15-2 எனச் சொன்னது. சுவிட்சர்லாந்து அவருக்குத் தர வேண்டிய வழக்குச் செலவு 80,000 யூரோ. பாகுபாட்டுப் புகார் தன் வரம்புக்குள் வராது என்று அதைத் தொடவேயில்லை. இதற்கிடையே 2023இல் விதி இன்னும் இறுகிவிட்டது: 2.5 நானோமோல், 24 மாதம், எல்லாப் போட்டிகளுக்கும்.

? இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் மட்டும் எப்படித் தப்பினார்?
(புதுக்கோட்டை வாசகி)

அப்போதைய டெஸ்டோஸ்டிரோன் எல்லை 10 நானோமோல். அதற்கு மேல் இருந்தால் ஓட்டத்தில் எவ்வளவு கூடுதல் பலன் என்று நிரூபியுங்கள் எனத் தடகள அமைப்பிடம் கேட்டு, அவர் வழக்கில் நடுவர் நீதிமன்றம் 2015இல் விதியை நிறுத்திவைத்தது. 2018 பட்டியலில் 100, 200 மீட்டர் இல்லை. அவர் ஓடியது அவைதான். உங்கள் ஊர் சாந்தி சௌந்தரராஜன் தோஹா ஆசிய விளையாட்டில் வென்ற வெள்ளியைப் பாலினப் பரிசோதனையால் இழந்த 2006இல், இப்படியொரு எல்லையே எழுதப்படவில்லை. அது வந்தது 2011இல்.

? இப்போதைய மரபணுப் பரிசோதனையில் என்ன செய்வார்கள்?
(கோவை வாசகி)

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள், அல்லது ரத்தம். தேடுவது எஸ்ஆர்ஒய் மரபணுவை: பொதுவாக ஒய் குரோமோசோமில் இருந்து, கருவில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைப்பது. வாழ்நாளில் ஒருமுறை போதும். 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளுக்கு இது கட்டாயம்.

மரபணு இருக்கிறதா என்று மட்டுமே இது சொல்லும்; டெஸ்டோஸ்டிரோன் உடலில் வேலை செய்கிறதா என்று சொல்லாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் 3,387 பேரில் 8 பேருக்கு அது இருந்தது. 7 பேரின் உடல் ஆண்ட்ரோஜனை (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களை) முழுதாகவோ ஓரளவோ ஏற்காதது. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். முழு ஏற்பின்மை உள்ளவர்களுக்கு இன்றைய விதியிலும் விலக்குண்டு. ஆகவே 'பாசிட்டிவ்' என்றதும் யாராவது பெயரை நீக்கச் சொன்னால் தலையாட்டாதீர்கள். அடுத்தகட்ட மருத்துவ ஆய்வையும் முடிவையும் எழுத்தில் கேளுங்கள்.