திங்கட்கிழமை காலை மட்டும் வரும் வெள்ளிக் கோடுகள்

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டு என்ற அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது) தொழிற்சாலை ஒன்றில், மெஷினின் செட்டிங்குகளைப் போடும் செட்டராக இருந்தேன். இந்த ஆண்டு புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். மின்சாதனத்துக்கான ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடி ஒன்று போடுகிறோம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் 24 மணி நேரமும் ஓட்டம். திங்கள் காலை 7 மணிக்கு மெட்டீரியலைக் காய வைக்கும் டிரையரை ஓடவிட்டு, ஏழரைக்கு மெஷினை ஓட்டுவோம். அப்போது மூடி முழுக்க வெள்ளிக் கோடு விழுகிறது. பத்தரைக்கு மேல் சரியாகிவிடும். மற்ற நாட்களில் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் வரும். வெள்ளிக்கிழமை மதியம் இன்னும் அதிகம். மெட்டீரியல் மட்டம் என்கிறார் மேனேஜர். சப்ளையர் மறுக்கிறார். மெஷினும் பழசு. புது மெஷின் கேட்கலாமா? எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மட்டும் படித்த நான் இந்தத் துறையில் மேலே போக முடியுமா? (ஷாட் எடை, அதாவது ஒரு முறை மோல்டுக்குள் செலுத்தும் பிளாஸ்டிக், 120 கிராம், சைக்கிள் 40 வினாடி, மெட்டீரியலைக் கொட்டும் ஹாப்பர் டிரையர் 50 கிலோ, மோல்டைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீர் 12 டிகிரி.)
— வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: தம்பி, புது மெஷின் கேட்க வேண்டாம். இதே டிரையரையும் இதே சில்லரையும் வைத்துக்கொண்டு புது மெஷின் வாங்கினால் அதிலும் இதே கோடுகள்தான் வரும். மெட்டீரியலையும் இப்போதைக்குக் குறை சொல்ல வேண்டாம். மெட்டீரியல் கெட்டிருந்தால் அது புதன்கிழமையும் கெட்டதாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயன்பட்டவை நீங்கள் எழுதிய கிழமைகளும் மணிகளும்தான். அவற்றை வைத்துப் பார்த்தால் இங்கே இருப்பது ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வேறு கோளாறுகள். இரண்டுமே மெஷின் நிற்கும் நேரத்தில் உண்டாகின்றன.

முதலில் திங்கட்கிழமை. ஏபிஎஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் பிளாஸ்டிக். நம் பினாங்குக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் தண்ணீர் இருக்கிறது. சனிக்கிழமை இரவு டிரையரை அணைத்துவிட்டு ஹாப்பரில் பிளாஸ்டிக் மணிகளை விட்டுப் போனால், ஞாயிறு முழுக்க அவை ஆறி, நமுத்துப்போகும். 0.2, 0.3 சதவீதம் வரை ஈரம் ஏறலாம். நல்ல மேற்பரப்பு வேண்டுமென்றால் அது 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பளபளப்பான பொருளுக்கு 0.05 நல்லது. அதிகப்படியான ஈரம், பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையான பேரலுக்குள் நீராவியாகி, உருகிய பிளாஸ்டிக்கோடு மோல்டுக்குள் போய், பாயும் திசையிலேயே இழுபட்டு வெள்ளிக் கோடாகப் படிகிறது.

ஏபிஎஸ் காய 80 முதல் 85 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம் வேண்டும். உங்கள் மெஷின் மணிக்கு 90 ஷாட் போடுகிறது, அதாவது 10.8 கிலோ தின்கிறது. 50 கிலோ ஹாப்பர் நிறைந்திருந்தால் மேலே விழும் மணி கீழே வந்து சேர நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரநாட்களில் இது தாராளம். டிரையரின் அளவில் குறையே இல்லை. ஆனால் திங்கள் காலை ஏழரைக்குப் பேரலுக்குள் விழும் மணிக்கு அரை மணி நேரச் சூடுகூடச் சரியாகக் கிடைப்பதில்லை. எட்டரைக்கு விழுவதற்கு ஒன்றரை மணி நேரம். பத்தரைக்கு விழுவதற்கு மூன்றரை மணி நேரம். கோடு பத்தரைக்கு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பல தொழிற்சாலைகளில் திறமையான செட்டர்களே ஏமாறும் இடம் இது. கோடு தெரிந்ததும் ஒருவர் பேக் பிரஷரைக் கூட்டுவார். இன்னொருவர் பேரல் வெப்பத்தை 10 டிகிரி ஏற்றுவார். மூன்றாமவர் இன்ஜெக்‌ஷன் வேகத்தைக் குறைப்பார். பத்தரைக்குக் கோடு நிற்கும்போது, கடைசியாகத் தொட்டவர் தான்தான் சரி செய்ததாக நம்புவார். அந்தச் செட்டிங் அப்படியே இரவு ஷிஃப்டுக்குப் போகும். காய்ந்த மெட்டீரியலுக்கு அந்தக் கூடுதல் வெப்பம் தேவையே இல்லை. மஞ்சளிப்பும் கரும்புள்ளியும் அங்கிருந்து தொடங்கும். பிறகு அதற்கொரு வைத்தியம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மெஷின் திரையில் இருக்கும் எண்ணுக்கும் கோப்பில் இருக்கும் செட்டிங் ஷீட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. சூப்பர்வைசராக நீங்கள் போட வேண்டிய முதல் கட்டுப்பாடு இதுதான்: செட்டிங்கைத் தொடுவதற்கு முன் நேரம், பழைய எண், புதிய எண், காரணம் நான்கையும் எழுத வேண்டும். எழுதாமல் யாரும் தொடக்கூடாது, நீங்கள் உட்பட.

ஈரம்தான் என்று உறுதி செய்வது எளிது. பேரலின் முனையான நாசிலைப் பின்னுக்கு இழுத்து, வெறும் காற்றில் பர்ஜ் செய்து, அதாவது உள்ளே இருப்பதை வெளியே தள்ளிப் பாருங்கள். உருகி வருவது நுரைத்தால், சீறினால், குமிழி குமிழியாகப் பொங்கினால் அது ஈரம். (முகக் கவசம் இல்லாமல் பக்கத்தில் போக வேண்டாம், நீராவி வெடித்துச் சூடான பிளாஸ்டிக் தெறிக்கும்.) ஈரம் அளக்கும் கருவி இல்லாவிட்டால் இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சூட்டுத்தட்டில் உருகும் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, டிரையரின் அடியிலிருந்து எடுத்த நான்கைந்து மணிகளை நடுவில் வைத்து அழுத்துங்கள். எல்லா மணியிலும் பல குமிழிகள் தெரிந்தால் மெட்டீரியல் காயவில்லை. ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தால் அது இடையில் சிக்கிய காற்றாக இருக்கலாம்.

தீர்வுக்குச் செலவு குறைவு. ஏழரைக்கு ஓட்டம் என்றால் மூன்றரைக்குள் டிரையர் ஓடத் தொடங்க வேண்டும். உங்கள் டிரையரில் டைமர் இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் தொடாமலே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் சார்ஜ்மேனிடம் (மின்சார வேலைக்குத் தகுதிச் சான்று பெற்றவர்) சொல்லிப் பொருத்தலாம். அதிக வெப்பத்தில் தானாக அணையும் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே ஆளில்லாமல் ஓட விடுங்கள். ஹாப்பருக்கும் ஸ்குரூவுக்கும் இடையில், கழுத்தில் தங்கும் மணிகளுக்குச் சூடான காற்று எட்டாது. ஓட்டத்துக்கு முன் அடியிலிருந்து ஒன்றிரண்டு கிலோ இறக்கி மேலே கொட்டிவிடுங்கள். டிரையரின் காற்று வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். அரைத்த மெட்டீரியலின் தூசி அடைத்திருந்தால் திரை 80 என்று காட்டும், ஆனால் மணிகளுக்குள் போதுமான காற்று போகாது. அரைத்த மெட்டீரியலைத் திறந்த பையில் வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏபிஎஸ்ஸுக்கு ஈரம் பெரும்பாலும் தோற்றத்தைத்தான் கெடுக்கும். அறைக் காற்றைச் சூடாக்கி ஊதும் சாதாரண டிரையரும் அதற்குப் போதும், ஏனென்றால் 80 டிகிரிக்குச் சூடாகும்போது அதே காற்றின் ஒப்பு ஈரப்பதம் 6, 7 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நாளை உங்களிடம் பாலிகார்பனேட் வேலை வந்தால் இந்த நிம்மதி கிடையாது. அதை 120 டிகிரியில் 3, 4 மணி நேரம் காய வைத்து 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். உருகும்போது ஈரம் இருந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளே அறுந்துபோகும். பொருள் கண்ணுக்கு நன்றாக இருந்துகொண்டே, வாடிக்கையாளர் கையில் உடையும். அதற்குக் காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சி எடுக்கும் டிரையர் வேண்டும். அதைக் கேட்டு வாதாடத் தயங்க வேண்டாம்.

இனி வெள்ளிக்கிழமை மதியம். இடைவேளையில் டிரையர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மெட்டீரியல் இன்னும் நன்றாகக் காய்கிறது. அப்படியிருந்தும் கோடு வருகிறது, அதுவும் தொழுகைக்காக இடைவேளை நீளும் நாளில் அதிகம் வருகிறது. என் சந்தேகம் சில்லர் தண்ணீர்மேல். நம் ஊர்க் காற்று 24 டிகிரி அளவிலேயே பனிக்கத் தொடங்கிவிடும். மெஷின் ஓடும்போது சூடான பிளாஸ்டிக் மோல்டின் முகத்தை உலர்வாக வைத்திருக்கிறது. மெஷினை நிறுத்தி, 12 டிகிரித் தண்ணீரை ஓட விட்டு, மோல்டைத் திறந்துபோட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் மோல்டு வியர்த்திருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது: கோடு முதல் பத்துப் பதினைந்து ஷாட்டோடு நிற்கிறதா? ஒரே இடத்தில் வருகிறதா? ஓட்டும் முன் மோல்டின் முகத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் குறைகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சந்தேகம் வேண்டாம். கோட்டில் பழுப்பு நிறம் கலந்திருந்தால் மட்டும் அது வேறு. பேரலுக்குள் அதிக நேரம் வெந்த மெட்டீரியல், முதல் சில ஷாட்டைப் பர்ஜ் செய்து தள்ளிவிட வேண்டும்.

வியர்வைக்கு, நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே தண்ணீர் வால்வை மூடுங்கள். இறுக்கம் கொடுக்காமல் மோல்டை மூடி வைத்துவிட்டுப் போங்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் ஏபிஎஸ்ஸுக்கு மோல்டை 40 முதல் 60 டிகிரியில் ஓட்டுவதே முறை. சைக்கிள் சில வினாடி நீளும், மேனேஜர் முகம் சுளிப்பார். ஆனால் பளபளப்பு கூடும், மோல்டு துருப்பிடிப்பது நிற்கும். 12 டிகிரியில் மிச்சம் பிடிக்கும் வினாடிகளை மோல்டு ரிப்பேரில் திருப்பிக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

மேனேஜரிடம் கருத்தாகப் போகாதீர்கள், கணக்காகப் போங்கள். ஏழரை முதல் பத்தரை வரை 270 ஷாட், 32 கிலோ மெட்டீரியல், மூன்று மணி நேர மெஷின் ஓட்டம். இதில் எத்தனை ரிஜெக்ட் என்று ஒரு திங்கட்கிழமை அரை மணிக்கொரு முறை எண்ணி எழுதுங்கள். அடுத்த திங்கள் டிரையரை மட்டும் முன்னதாக ஓட்டி, வேறெதையும் மாற்றாமல் அதே போல் எண்ணுங்கள். இரண்டு தாள்களையும் மேசைமேல் வையுங்கள். சப்ளையரைக் குறை சொன்னவர் பின்வாங்க இடம் கொடுத்துப் பேசுங்கள். அவரோடுதான் நாளையும் வேலை செய்யப் போகிறீர்கள். அவர் ஒப்புக்கொண்டதும் நிறுத்தும் முறையையும் தொடங்கும் முறையையும் ஒரே பக்கத்தில் படத்தோடு மலாயிலும், உங்கள் லைனில் நேப்பாளத் தொழிலாளர்கள் இருந்தால் நேப்பாளியிலும் எழுதி மெஷினில் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு வால்வை மூடப்போவது அவர்கள்தான்.

கடைசிக் கேள்விக்கு: முடியும். எஸ்பிஎம்மோடு நின்றவர்களுக்கு எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வழி இருக்கிறது. மூன்றாம் நிலை வரை எஸ்கேஎம், நான்காம் நிலை டிப்ளோமா. பல வருடம் வேலை பார்த்தவர்கள் திரும்ப வகுப்பில் உட்காராமல், தங்கள் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டிச் சான்றிதழ் பெறும் பிபிடி என்ற முறையும் திறன் மேம்பாட்டுத் துறையில் உண்டு. வகுப்பு வேண்டுமென்றால் பாயான் லெப்பாஸில் 1989 முதல் நடக்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தில் விசாரியுங்கள். உங்கள் கம்பெனி தொழிலாளர் பயிற்சிக்கான மனிதவள லெவி கட்டினால் கட்டணத்தை அதிலிருந்து கேட்கலாம். பிபிடிக்கு நீங்கள் செய்த வேலையின் ஆவணங்களைத்தான் கேட்பார்கள். அதனால் அந்த இரண்டு திங்கட்கிழமைத் தாள்களிலும் தேதி போட்டு, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, உங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.